கையெழுத்து போட்டுட்டு போயிட்டாங்க

திங்கக்கிழமைன்னா எனக்கு காலைச் சாப்பாடு கிடையாது. கலெக்டர் ஆபீஸ்ல மனுநாள், நம்ம ஜெராக்ஸ் கடை அங்க இருந்து கூப்பிடு தூரம், எட்டரைக்கு ஷட்டரத் தூக்குறதுக்கு முன்னாடியே வாசல்ல பத்து பேரு நிப்பாங்க. பட்டா, முதியோர் பென்ஷன், பக்கத்து வீட்டுக்காரன் சந்த அடைச்சுட்டான், ரேஷன் கார்டுல பேத்தி பேரு விட்டுப்போச்சு, இப்படி. பதினேழு வருசமா மனு டைப் அடிக்கிறேன், "ஐயா வணக்கம், நான் மேற்கண்ட முகவரியில்" வரைக்கும் கை தன்னால ஓடும், நெனப்பு டீயிலயும் வடையிலயும் இருக்கும்.

போன மாசம் ஒரு திங்கக்கிழமை ஒரு அக்காவும் தம்பியும் வந்தாங்க, கூட அவங்க அம்மா. மேலூர்ப் பக்கம் முகாம்ல இருக்கவங்க. முகாம்னா இலங்கைத் தமிழர் முகாம்தான். 2021ல கவர்மெண்டு "அகதிகள் முகாம்"ங்கற பேர எடுத்துட்டு "மறுவாழ்வு முகாம்"னு மாத்துச்சு, நல்ல விசயம்தான், ஆனா மினிபஸ் கண்டக்டர் இன்னும் "அகதி கேம்ப்லாம் எறங்கு"ன்னுதான் சத்தம் கொடுக்குறாரு.

அந்த அம்மா ஒரு மஞ்சப்பையில இருந்து பேப்பர எல்லாம் எடுத்து டேபிள்ல வரிசையா அடுக்குச்சு. எல்லாம் லேமினேஷன் பண்ணது, சிலது ரெண்டு தடவ பண்ணது, ஓரம் பிரிஞ்சு மறுபடி போட்டிருக்காங்க. மகளுக்கும் மகனுக்கும் மண்டபத்துல பொறந்த சர்டிபிகேட். மக பொறந்தது 1987 மே. மகன் பொறந்தது 1988 நவம்பர். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அப்பா அம்மா. விசயம் என்னன்னா மக சட்டப்படி பிறப்பாலேயே இந்தியக் குடிமகள், மகன் இல்ல.

எனக்கும் மொதல்ல புரியல. அந்த பையன்தான் (பையன் என்ன, முப்பத்தேழு வயசு ஆளு, தலையில நரை) பொறுமையா சொன்னாரு. 1950 ஜனவரி 26ல இருந்து 1987 ஜூலை 1க்கு முன்னாடி வரைக்கும் இந்த மண்ணுல பொறந்தவங்க எல்லாரும் பிறப்பால குடிமக்கள், அப்பா அம்மா யாருன்னு கேள்வி இல்ல. ஜூலை 1ல இருந்து பொறந்தா அப்பா அம்மால ஒருத்தராச்சும் இந்தியரா இருக்கணும். 1986ல டெல்லியில சட்டத்தத் திருத்தி தேதி குறிச்சாங்க. அக்கா அந்தத் தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடி வந்துட்டா, இவரு ஒன்னரை வருசம் லேட்டு. மண்டபம் முகாம்ல 1986ல பொறந்த ஒரு பொண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022ல நம்ம ஹைகோர்ட் மதுரை பெஞ்சு ஆர்டர் போட்டுச்சு, அந்தப் பொண்ணு 2024 எலக்சன்ல திருச்சியில ஓட்டே போட்டுச்சு. அதப் பாத்துத்தான் இந்த அக்காவும் பேப்பரத் தூக்கிட்டு அலையுது. தம்பிக்கு என்ன வழின்னு கேக்கத்தான் அன்னிக்கு மனு.

அம்மா மட்டும் ஒரு வார்த்தை வேற மாதிரி சொல்லுச்சு. நாங்கெல்லாம் குடியுரிமை குடியுரிமைன்னு பேசிக்கிட்டிருக்க, அது "பிரஜாவுரிமை தம்பி, அதத்தான் எங்கய்யாவும் கேட்டாரு"ன்னுச்சு.

அந்த வார்த்தைக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, சொல்லாம விட மனசில்ல. அந்த அம்மாவோட தாத்தா காலத்துல இந்தச் சீமையில இருந்துதான் கங்காணி ஆள் சேத்து கண்டிக்கு தேயிலைத் தோட்டத்துக்கு கூட்டிட்டுப் போனது. எந்த ஊருன்னு அதுக்கு சரியாத் தெரியாது, குலசாமி பேரு மட்டும் தெரியும், அந்தப் பேருல இந்தப் பக்கம் அஞ்சாறு கோயில் இருக்கு. 1948ல இலங்கை சுதந்திரம் வாங்குன கையோட ஒரு சட்டம் போட்டு தோட்டத்துல இருந்த தமிழங்களுக்கு பிரஜாவுரிமை இல்லன்னுட்டாங்க. பதினாறு வருசம் அப்படியே அந்தரத்துல. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் அவங்க பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உக்காந்து கணக்கு பாத்தாங்க. மொத்தம் 9,75,000 பேரு. இந்தியாவுக்கு 5,25,000, அவங்களுக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 அப்பறமா பாத்துக்கலாம். அந்த மிச்சத்த 1974ல இந்திரா காந்தி காலத்துல ஆளுக்கு 75,000ன்னு பிரிச்சாங்க.

எங்க சித்தப்பாவும் எங்க அப்பாவும் பாகம் பிரிக்கும்போதுகூட அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் அம்புட்டு நேரம் சண்டை போட்டாங்க. இங்க மனுசன பாதிப்பாதியா வகுத்துக்கிட்டாங்க. அந்தத் தோட்டத்து ஜனங்க ஒருத்தர்கிட்டயும் உனக்கு எங்கிட்டு இருக்கப் பிரியம்னு கேட்டுட்டு இது நடக்கல. கையெழுத்து போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க.

அந்த அம்மா குடும்பம் யாரு பங்குல வந்துச்சுன்னு அதுக்கே தெளிவா தெரியல. விண்ணப்பம் போட்டு காத்துக்கிட்டு இருந்தப்பவே 1977 கலவரம், தோட்டத்துல அவங்க இருந்த லயத்த, அதான் வரிசை வீட்ட, எரிச்சுட்டாங்க, வவுனியாப் பக்கம் ஓடி காடு திருத்தி குடியேறுனாங்க. அங்கயும் இருக்க முடியாம 1985ல படகு. அதாவது தாத்தா காலத்துல எந்தச் சீமையில இருந்து கூட்டிட்டுப் போனாங்களோ அந்தச் சீமைக்கே திரும்ப வந்தாச்சு, ஆனா இப்ப பேரு அகதி. இந்த மாதிரி இந்திய வம்சாவளி ஆளுங்க அறுபத்தஞ்சு பேரு குடியுரிமை கேட்டு போட்ட கேஸுல 2019 ஜூன்ல நம்ம மதுரை பெஞ்சு, இவங்கள சும்மா சட்டவிரோதமா வந்தவங்கன்னு ஒதுக்காம விண்ணப்பத்த பரிசீலனை பண்ணுங்கன்னு சொல்லுச்சு. அதே வருசம் டிசம்பர்ல டெல்லியில குடியுரிமைச் சட்டத்த மறுபடி திருத்துனாங்க, பாகிஸ்தான் பங்களாதேஷ் ஆப்கானிஸ்தான் மூணு நாட்டு முஸ்லிம் அல்லாத ஆளுங்களுக்கு வழி விட்டாங்க, இலங்கை லிஸ்ட்லயே இல்ல.

சரி மத்தியில இருக்கவங்க அப்படித்தான்னு வச்சுக்குவோம். நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? ராஜ்யசபாவுல அந்த மசோதா 125க்கு 105ன்னு பாஸ் ஆச்சு. அதிமுக எம்பிங்க ஆதரிச்சு ஓட்டு போட்டாங்க, அவங்க பதினோரு ஓட்டு மாறி விழுந்திருந்தா கதையே வேற. அதே கட்சி 2021 தேர்தல் அறிக்கையில அந்தச் சட்டத்தக் கைவிடச் சொல்லி மத்திய அரச வலியுறுத்துவோம்னு எழுதுச்சு. மறதின்னு சொல்லவா, நமக்கு மறதின்னு நெனச்சாங்கன்னு சொல்லவா? திமுகக்காரவங்க சும்மா சிரிக்க வேணாம், 1999ல இருந்து 2013 வரைக்கும் நடுவுல கொஞ்ச நாள் தவிர டெல்லில மந்திரி பதவியோட இருந்தவங்க நீங்கதான், நல்ல நல்ல இலாகா பேரம் பேசி வாங்குனீங்க, இந்த முகாம் ஜனங்களுக்கு ஒரு சட்டத் திருத்தம் கேட்டு வாங்க தோணலயே. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ண இலங்கைத் தமிழங்கள பாஸ்போர்ட் விசா இல்லன்னு தண்டிக்க மாட்டோம்னு. அதாவது ஜெயில் இல்ல. குடியுரிமையும் இல்ல. நாப்பது வருசம் கழிச்சு கெடச்சது அம்புட்டுத்தான்.

இது இப்படி இருக்க, மேடைல இலங்கை பத்தி பேச்சுன்னு வந்தா நம்ம தலைவருங்களுக்கு வாயில வர்றது ஒரே ஒரு சொல்லுதான். கச்சத்தீவு.

2025 ஆகஸ்ட் 21 பாரபத்தில விஜய் மாநாடு. எங்க அக்கா மகன் காலைலயே துண்டக் கட்டிக்கிட்டு கிளம்பிட்டான், நான் வேணாம்டா வெயிலு மண்டையப் பொளக்குதுன்னு சொன்னேன், கேக்கல. ராத்திரி வந்தான், மூஞ்சி செங்கல் மாதிரி இருக்கு, தண்ணிக்கு அலைஞ்ச கதைய ஒரு மணி நேரம் சொன்னான். தலைவரு என்னடா பேசுனாருன்னேன். "கச்சத்தீவ மீட்டுக் குடுங்கன்னு பிரதமர கேட்டாரு மாமா, செம"ன்னான். அப்பறம் சோத்துல கைய வச்சுக்கிட்டே மெதுவா கேட்டான், "மாமா, அது ராமேஸ்வரத்த விடப் பெருசா?"

பெருசு இல்ல மாப்ள. 285 ஏக்கரு. நம்ம பக்கம் ஒரு பெரிய கம்மா அளவு. குடிதண்ணி கிடையாது, ஆள் குடியில்ல, ஒரு அந்தோணியார் கோயில் இருக்கு, வருசத்துக்கு ஒருக்கா திருவிழா, ரெண்டு பக்கத்து ஜனமும் போவாங்க. 1974 ஜூன்ல இந்திரா காந்தி ஒப்பந்தத்துல அது இலங்கைப் பக்கம் போச்சு, நம்ம ஆளுங்க விசா இல்லாம போய்வரலாம்னு அதுல எழுதியிருந்துச்சு. 1976 மார்ச்சுல இன்னொரு ஒப்பந்தம், அதோட போன கடிதத்துல அவங்க கடல்ல நம்ம படகு மீன் பிடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. எமர்ஜென்சி நேரம், இங்க திமுக ஆட்சிய கலைச்சு ரெண்டு மாசம்கூட ஆகல, கேள்வி கேக்க சட்டசபையே கிடையாது. மொதல்ல சொன்னதாச்சும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, மீனவனுக்கு நெசமா அடி விழுந்தது ரெண்டாவதுலதான், அதப் பத்தி மேடைல ஒருத்தர் பேசி நான் கேட்டதில்ல.

அப்பறம் நடந்தத வரிசையா பாத்தா சிரிப்பும் வருது எரிச்சலும் வருது. 1991 சுதந்திர தினத்துக்கு கோட்டைல கொடியேத்திட்டு ஜெயலலிதா கச்சத்தீவ மீட்பேன்னாங்க. 2008ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. 2013ல கலைஞரும் அதே கோர்ட்டுக்குப் போனாரு, 74ல அவருதான முதலமைச்சர்னு யாரும் கேட்டா ஆகஸ்ட்ல தீர்மானம் போட்டேனேன்னு பதில் வச்சிருந்தாரு, ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூன்ல. 2014ல பாஜக அரசோட அட்டர்னி ஜெனரல் அந்தக் கோர்ட்லயே சொன்னது என்னன்னா, ஒப்பந்தப்படி போனது போனதுதான், திரும்ப வேணும்னா போருக்குத்தான் போகணும்னு. 2015ல ஆர்டிஐயில வெளியுறவுத் துறை கொடுத்த பதிலு, அந்த எல்லை அதுக்கு முன்னாடி வரையறுக்கப்படவே இல்ல, அதனால எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்ல வாங்கவும் இல்லன்னு. அப்ப வெளியுறவுச் செயலர் பொறுப்புக்கு வந்த ஜெய்சங்கர்தான் இப்ப மந்திரி. அதே ஜெய்சங்கர் 2024 ஏப்ரல் 1ந் தேதி பிரஸ் மீட் வச்சு காங்கிரஸும் திமுகவும் கச்சத்தீவ கொடுத்துட்டாங்கன்னு முழங்குறாரு. முந்தின நாள்தான் பிரதமரு ட்வீட் போட்டாரு. ஏப்ரல் 19 இங்க ஓட்டுப்பதிவு. எலக்சன் முடிஞ்சதும் தீவு மறுபடி கடலுக்குள்ள போயிருச்சு, 2025 ஏப்ரல் மொத வாரம் பிரதமரு கொழும்பு போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நம்ம சட்டசபைல மீட்கச் சொல்லி தீர்மானம் போட்டப்பதான் திரும்ப மேல வந்துச்சு.

பாரபத்தி மாநாடு முடிஞ்சு சரியா பதினோராவது நாளு இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நேரா கச்சத்தீவுக்கே போய் எறங்குனாரு. அவங்க ஜனாதிபதி ஒருத்தர் அங்க போனது அதுதான் மொதத் தடவ. நம்ம ஆளுங்க பேசுன பேச்சுக்கு கெடச்ச ஒரே பலன் அதுதான்னு நெனைக்கிறேன். அங்கயும் ஓட்டு இருக்குல்ல.

மீனவங்க விசயத்த நான் ரெண்டு பக்கமும் சொல்லணும், இல்லாட்டி நானும் மேடை போட்ட மாதிரிதான். அந்த பிரஸ் மீட்ல ஜெய்சங்கர் சொன்ன கணக்கு, இருபது வருசத்துல 6184 மீனவங்கள இலங்கை பிடிச்சிருக்கு, 1175 படகு பறிமுதல். நம்ம கடைக்கே பாம்பன்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, அதோட அண்ணன் வீடு இங்க செல்லூர்ல, புருசன பிடிச்சு வச்சிருக்காங்க, மனு டைப் அடிக்கணும். கையில மூணு மாசக் குழந்தை, அத என் கடைப் பையன் தூக்கி வச்சுக்கிட்டான். "காற்றின் வேகத்தால் திசைமாறி"ன்னு போடுங்கண்ணேன்னுச்சு. எல்லாரும் அப்படித்தான் போடச் சொல்லுவாங்க, நானும் போட்டேன். காத்துல திசை மாறி இல்லங்கறது அதுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இந்தப் பக்கத்துக் கடல்ல இழுவை மடி போட்டு போட்டு தரையோட வழிச்சாச்சு, மீனு அங்கிட்டுத்தான் இருக்கு, படகு ஓனரு டீசல் போட்டு அனுப்புறான், கூலிக்குப் போறவன் ஜெயிலுக்குப் போறான்.

அங்கிட்டு யாரு இருக்கா? சிங்களவன் இல்ல, யாழ்ப்பாணம் மன்னார் தமிழன். முப்பது வருசம் சண்டைல கடலுக்கே போக முடியாம கிடந்தவன், 2009க்கு அப்பறம்தான் வலையக் கையில எடுக்குறான், நம்ம விசைப்படகு ராத்திரில போயி அந்த வலையையும் சேத்து அறுத்துட்டு வருது. தொப்புள்கொடி உறவுன்னு தமுக்கத்துல மைக்க உடைக்கிற தலைவருங்க யாராச்சும் இத ஒரு தடவ சொல்லியிருக்காங்களா? சொன்னா இந்தப் பக்கம் ஓட்டு போயிரும். 2017 ஜூலைல இலங்கை இழுவை மடிக்கு சட்டம் போட்டு தடை போட்டுச்சு. அதே மாசம் ராமேஸ்வரத்துல பிரதமர் வந்து, இழுவைப் படக கைவிட்டு ஆழ்கடலுக்குப் போற படகு கொடுக்கிற திட்டத்த தொடங்கி வச்சாரு, மூணு வருசத்துல 2000 படகு, 1600 கோடி ரூவா. யோசனை நல்ல யோசனை, உண்மையிலயே அதுதான் வழி. ஒரு படகு 80 லட்சம், மத்தியில பாதி, மாநிலம் இருபது சதவீதம், மிச்சத்துக்கு பேங்கு லோனும் கைக்காசும். கைக்காசே எட்டு லட்சம் ஆகுது, கடனும் கட்டணும், சூரை பிடிக்கப் பழகணும், பல நாள் கடல்லயே தங்கணும், அந்த மீன வாங்க ஆள் வேணும். இதையெல்லாம் யாரு கூட நின்னு பாத்தா? மூணு வருசம் எட்டு வருசம் ஆச்சு, வந்த படகு ரொம்பக் கொஞ்சம். தொடங்கி வச்ச விழாவுக்கு மட்டும் ரெண்டு அரசும் முண்டியடிச்சு வந்தாங்க.

எனக்கு இவங்க திருடங்கன்னுகூட அம்புட்டு கோவம் இல்ல, திருட்ட நாம பழகிட்டோம். வேலைய முடிக்கத் தெரியல, அதான். தோப்பூர் எய்ம்ஸையே எடுத்துக்கங்க. 2019 ஜனவரி 27 அடிக்கல். அதுக்குக் காசு ஜப்பான் ஜைக்கா கடன். அந்தக் கடன் ஒப்பந்தத்துல கையெழுத்து ஆனது 2021 மார்ச்சுல. அதாவது காசு யாரு கொடுப்பான்னு முடிவாகுறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே கல்ல நட்டாச்சு, ஏன்னா நடுவுல ஒரு எலக்சன் இருந்துச்சு. இந்தப் பக்கம் உதயநிதி ஒரு செங்கலத் தூக்கி ஊர் ஊரா காட்டுனாரு, ஜனம் விசிலடிச்சுது, அதுவும் எலக்சன் வரைக்கும்தான். மதுரை எய்ம்ஸ்ல சேந்த மொத பேட்ச் அம்பது பிள்ளைங்க 2022ல படிக்கப் போனது ராமநாதபுரத்துக்கு.

நம்மளயும் சொல்லணும்ல. 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தல், "திருமங்கலம் பார்முலா"ன்னு இந்தியா பூரா பேரு வாங்குனோம். சென்னையில இருக்க அமெரிக்க துணைத் தூதரகத்துல இருந்து வாஷிங்டனுக்கு அதப் பத்தி ரிப்போர்ட் போயிருக்கு, பேப்பரோட பேப்பரா கவர் வச்சு ஓட்டுக்கு ஐயாயிரம் கொடுத்தாங்கன்னு, விக்கிலீக்ஸ்ல வெளிய வந்து 2011ல நம்ம பத்திரிகையிலயே போட்டாங்க. நம்ம வெளியுறவுக் கொள்கை என்னன்னு நமக்குத் தெரியல, நம்ம கவர்ல எம்புட்டு இருந்துச்சுன்னு அமெரிக்காக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்கப்பறம் எத்தனை எலக்சன், எங்க தெருவுலயும் கவர் வருது, எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, வராத கட்சியச் சொல்றது ஈசி. எங்க வீட்டுலயும் ஒரு தடவ வாங்கி கேஸ் சிலிண்டருக்கு கொடுத்தோம். என் வீட்டுக்காரி "திருப்பிக் கொடுத்தா மட்டும் நம்ம தெருவுக்கு தண்ணி வந்துருமா"ன்னா. பதில் சொல்ல முடியல.

அன்னிக்கு மனுவுக்கு வருவோம். ரெண்டு பக்கம் வந்துச்சு, கூட ஒரு விவரத்தாள் வேணும்னாரு அந்தத் தம்பி, கட்டம் போட்டு, பேரு, பிறந்த தேதி, பிறந்த இடம், முகாம், படிப்பு. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிருக்காரு, பெயிண்ட் வேலைக்குப் போறாரு. முகாம்ல பாதிப்பேரு பெயிண்டருங்கதான், படிச்சவனும் சரி படிக்காதவனும் சரி. மதுரைல இம்புட்டு வீட்டுக்கு அவங்கதான் கலர் அடிச்சிருக்காங்க, வெளியூருக்கு வேலைக்குப் போனா முகாம்ல சொல்லிட்டுப் போகணும், செக்கிங் அன்னிக்கு ஆள் இருக்கணும். அக்காவுக்கு தனித் தாளு. அவங்களுக்கு நாட்டுரிமை கட்டத்துல "இந்தியர்"னு அடிச்சேன், சட்டுனு முடிஞ்சிருச்சு.

தம்பி தாளுல அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்னுருச்சு. என்ன போட? இலங்கைன்னு போட்டா அந்த நாட்ட அவரு பாத்ததே இல்ல. இந்தியான்னு போட்டா பொய்யுன்னு மனுவையே திருப்பிருவாங்க. அவரு போன நோண்டிக்கிட்டு நிக்கிறாரு, இந்தக் கேள்வி அவருக்குப் பழகிப்போச்சு போல. பின்னாடி க்யூல ஒருத்தரு "வெரசா முடிங்கப்பா, டோக்கன் போயிரும்"ங்கறாரு. அந்த அம்மாதான் சொல்லுச்சு, "இங்கயே பொறந்தவன், வேற ஊரு தெரியாதுன்னு போடுங்க தம்பி."

அப்படியே அடிச்சேன். கட்டத்துக்குள்ள அடங்கல. எழுத்து சைஸ எட்டுக்குக் குறைச்சு ரெண்டு வரியா மடிச்சு உள்ள தள்ளுனேன்.